பெயர், ஊர், சாவு: நம் முன்னோரை எப்படி நினைவுகூர்வது?



நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்கள் எல்லாம் வெளிச்சமாகிவிடுகின்றன. ஒரு வாரத்திற்கு முன்பே புல் செதுக்குகிறோம், சுண்ணாம்பு அடிக்கிறோம். அன்று மாலையில் பூமாலை சாத்தி, மெழுகுதிரி ஏற்றி, குடும்பமாக நின்று செபிக்கிறோம். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள்கூட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பங்குத்தந்தை கல்லறை கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறார்.

அந்த நேரத்தில் ஒரு சிறுவனிடம், "இது யார் கல்லறை தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். "எங்க தாத்தா" என்பான். "பக்கத்திலே இருப்பது?" "தாத்தாவோட அப்பா." "அவர் பேர் என்ன?" பதில் வராது. சிறுவன் அப்பாவைப் பார்ப்பான். அப்பா, கல்லில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பூவும் மெழுகுதிரியும் இருக்கின்றன. பெயர் இல்லை. அவர் எப்படி வாழ்ந்தார், எப்படி இறந்தார் என்பது யாருக்கும் தெரியாது.

நம் முன்னோர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். உழுதார்கள், நெய்தார்கள், பனை ஏறினார்கள், வலை வீசினார்கள். அவர்களைப் பற்றி யாரும் புத்தகம் எழுதவில்லை. அப்படிப்பட்ட ஒருவரை நினைவுகூர்வது என்றால் என்ன? திருச்சபை இதற்கு என்ன வழி காட்டுகிறது? இதைக் கொஞ்சம் சிந்திப்போம்.

கல்லில் எழுதிய மூன்று செய்திகள்

முன்னோரை நினைவுகூரும் வழக்கம் நம் மண்ணில் மிகப் பழையது. 2006ஆம் ஆண்டு, தேனி மாவட்டம் புலிமான்கோம்பை என்ற சிற்றூரில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் தமிழ்-பிராமி எழுத்துகள் இருந்தன. அவை 2000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்பது அறிஞர்கள் கருத்து. அவற்றில் ஒரு கல், மாடுகளைக் கவர்ந்து செல்லும் ஆகோள் பூசலில் இறந்துபோன ஒருவனுக்காக நட்டது. அந்தக் கல்லில் நீண்ட புகழுரை இல்லை. அவன் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, எந்தச் சண்டையில் செத்தான் என்பது இருக்கிறது. அவ்வளவுதான்.

பெயர், ஊர், சாவு. இந்த மூன்றும் இருந்தால் ஒரு மனிதன் கூட்டத்தில் கரைந்துபோவதில்லை. அவன் அரசனாக இருக்க வேண்டியதில்லை. மாட்டுக்காகச் செத்த ஒரு கிராமத்து மனிதனை 2000 ஆண்டுகள் கழித்தும் நாம் அறிகிறோம். நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றி இந்த மூன்று செய்திகளாவது நம்மிடம் இருக்கின்றனவா?

விவிலியம் சாவை மறைப்பதில்லை

விவிலியத்தின் முதல் குடும்பங்கள் ஆடு மாடு மேய்த்த குடும்பங்கள். சாரா இறந்தபோது ஆபிரகாமுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லை. எப்ரோனிடம் 400 வெள்ளிக்காசு கொடுத்து மக்பேலா குகையையும் நிலத்தையும் வாங்கி மனைவியை அடக்கம் செய்தார் (தொடக்க நூல் 23). யாக்கோபு சாகும் வேளையில், அந்தக் குகையில் யார் யார் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள் என்று பெயர் பெயராகச் சொல்லி, தன்னையும் அங்கேயே வைக்கச் சொல்கிறார் (49:29-32). பிள்ளைகளுக்கு அவர் விட்டுப்போன சொத்துகளில் அந்தப் பெயர்களும் அடங்கும்.

ஆனால் யாக்கோபு அதிகமாக நேசித்த ராகேல் அந்தக் குகையில் இல்லை. எப்ராத்துக்குப் போகும் வழியில் பிரசவ வேதனையில் அவள் இறந்தாள். வழியிலேயே அடக்கம் செய்து, யாக்கோபு ஒரு கல்தூண் நட்டார் (35:16-20). பல ஆண்டுகள் கழித்து, எகிப்தில் நோயாய்ப் படுத்திருக்கும்போது, யோசேப்பும் அவருடைய இரு பிள்ளைகளும் அருகில் நிற்க, அந்தக் கிழவர் ராகேலின் சாவைப் பற்றித் திரும்பவும் பேசுகிறார் (48:7). எங்கே இறந்தாள், எந்த வழியில் அடக்கம் செய்தேன் என்று சொல்கிறார். அந்தப் பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டியைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவள் எப்படிச் செத்தாள் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று தாத்தா நினைக்கிறார்.

மத்தேயு நற்செய்தியின் முதல் பக்கத்தில் இயேசுவின் மூதாதையர் பட்டியல் இருக்கிறது. ஒரு குடும்பம் தன் பெருமைக்காக எழுதும் பட்டியலாக இருந்தால் தாமாரும், இராகாபும், உரியாவின் மனைவியும் அதில் வந்திருப்பார்களா? ஊர் பேசிய பெயர்களையும் நற்செய்தியாளர் மறைக்கவில்லை. கடவுளின் மகன் இப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில்தான் பிறந்தார் என்று வெளிப்படையாகச் சொல்கிறார்.

பங்கு ஏடுகள் சொல்லும் கதை

நம் முன்னோரின் பெயர் எங்கே இருக்கும்? பலருக்குத் தெரியாத ஒரு பதில், பங்கு அலுவலக அலமாரியில் இருக்கிறது.

திரிதெந்து பொதுச்சங்கம் 1563ஆம் ஆண்டு, பங்குக்குருக்கள் திருமுழுக்கு ஏட்டையும் திருமண ஏட்டையும் எழுதிவைக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. 1614ஆம் ஆண்டு ஐந்தாம் பவுல் பாப்பரசர் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூல், இறந்தோர் ஏட்டையும் சேர்த்து ஐந்து ஏடுகளைக் குறிப்பிட்டது. இறந்தவரின் பெயர், வயது, இறந்த நாள், சாகுமுன் பாவசங்கீர்த்தனம், நற்கருணை, அவஸ்தைபூசுதல் பெற்றாரா, எங்கே அடக்கம் என்றெல்லாம் எழுத வேண்டும் என்று அந்நூல் மாதிரியும் கொடுத்தது. இன்றைய திருச்சபைச் சட்டமும் (எண் 535, 1182) இதையே தொடர்கிறது.

இந்த ஏட்டில் பண்ணையாரும் பண்ணையாளும் ஒரே பக்கத்தில்தான் வருவார்கள். பெரியவருக்கு ஒரு வரி, பிறந்து மூன்று நாளில் இறந்த குழந்தைக்கும் ஒரு வரி. கல்லறையில் கல் வைக்க வசதியில்லாத ஏழைக்கும் இங்கே ஒரு வரி உண்டு.

தேடுகிறவர்கள் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, இன்று உங்கள் ஊர் தனிப் பங்காக இருக்கலாம். தாத்தா காலத்தில் அது வேறொரு பங்கின் கிளைக்கிராமமாக இருந்திருக்கும். மறைமாவட்டங்களும் பிரிந்திருக்கின்றன. 1923இல் தூத்துக்குடியும், 1938இல் மதுரையும், 2003இல் திண்டுக்கல்லும் திருச்சியிலிருந்து பிரிந்தன. மதுரையிலிருந்து 1973இல் பாளையங்கோட்டையும், 1987இல் சிவகங்கையும் பிரிந்தன. எனவே பழைய தாய்ப்பங்கு எது என்று முதலில் கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, பெயர்கள். லத்தீனில் எழுதப்பட்ட பழைய ஏட்டில் 'பேத்ருஸ்' என்று இருந்தால் அவர் ஊரில் ராயப்பனாக இருந்திருக்கலாம். 'பவுலுஸ்' சின்னப்பன். 'யோவான்னெஸ்' அருளப்பன். 'அலோயசியுஸ்' ஞானப்பிரகாசம். ஊரார் வைத்த பட்டப்பெயர் ஏட்டில் இருக்காது. அதைப் பாட்டியிடம்தான் கேட்க வேண்டும். இந்த ஏடுகளில் குடும்பங்களின் அந்தரங்கமான செய்திகளும் உண்டு. ஆகவே பங்குத்தந்தை ஏட்டையே கையில் கொடுக்கமாட்டார். உரிய விவரம் சொன்னால் தேடிப் பார்த்துச் சான்று எழுதித் தருவார்.

எப்படி இறந்தார்கள்?

ஏட்டைப் பொறுமையாகப் புரட்டினால், ஒரே மாதத்தில் வரிவரியாகப் பெயர்கள் நெருங்கி நிற்கும் பக்கங்கள் வரலாம். அந்த ஆண்டைப் பாருங்கள். 1876-78 என்றால் அது தாது வருடப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் பசியாலும் நோயாலும் மாண்ட காலம் அது. 1918இன் கடைசி மாதங்கள் என்றால் விஷக்காய்ச்சல். வேறு ஆண்டுகளில் வாந்திபேதி, பெரியம்மை. ஊருக்கு வெளியே புனித செபஸ்தியாருக்கு நம் முன்னோர் சிற்றாலயம் கட்டியதற்குப் பின்னால் இப்படி ஒரு கொள்ளைநோய்க் காலம் இருப்பதுண்டு. காரணம் மறந்துவிட்டது, திருவிழா மட்டும் நிற்கிறது.

எந்த ஏட்டிலும் கிடைக்காத சாவுகளும் உண்டு. கண்டிச்சீமைத் தோட்டத்துக்கும், மலேயாவுக்கும், ரங்கூனுக்கும் போனவர்கள் எத்தனை பேர்! 1942இல் சப்பானியர் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது ஆயிரக்கணக்கானோர் காடு மலை வழியாக இந்தியாவுக்கு நடந்தே வந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் பலர். "எங்க பெரிய தாத்தா பர்மாவுக்குப் போனாரு, திரும்பி வரலை" என்று ஒரு வரி சில குடும்பங்களில் மிஞ்சியிருக்கிறது. அந்த ஒரு வரியையும் தொலைத்துவிடாதீர்கள். கல்லறை இல்லாதவருக்கு அந்த வரிதான் கல்லறை.

வாய் திறக்காத சாவுகள்

எல்லாச் சாவையும் நாம் பேசுவதில்லை. சில பெயர்களை வேண்டுமென்றே விட்டுவிடுகிறோம்.

ஒரு குடும்பம் இறந்தோர் பூசைக்குக் கருத்துக் கொடுக்க வந்தது. ஏழு பெயர்களைத் தாளில் எழுதியிருந்தார்கள். மகன்கள் வெளியே போனபின் எண்பது வயதைத் தாண்டிய அவர்களுடைய அம்மா மட்டும் நின்றார். "சாமி, இன்னொரு பேரு இருக்கு. சொல்லலாமா?" என்று கேட்டார். அவருடைய அக்கா. கல்யாணமான இரண்டாம் வருடம் கிணற்றில் விழுந்து இறந்தவர். கோயிலுக்குள் கொண்டுவரவில்லை. கல்லறைச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. "அவளுக்குப் பூசை வைக்கக் கூடாதுன்னு சொன்னாங்க சாமி" என்றார். எட்டாவதாக அந்தப் பெயரை நானே எழுதினேன். ஞாயிறு திருப்பலியில் மற்றப் பெயர்களோடு அதையும் வாசித்தேன். அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அவருக்கு அன்று சொன்னது பொய்யல்ல. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு (எண் 1240, 1241), தெரிந்து திட்டமிட்டுத் தன் உயிரை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கத்தையும், ஆண்டு நினைவுத் திருப்பலியையும்கூட மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் (எண் 1184) அந்தத் தடை இல்லை. 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல், கடும் மனவேதனையும் அச்சமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கலாம் என்கிறது. அவர்களுடைய மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும், திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்றும் கற்பிக்கிறது (எண் 2282, 2283). ஆனால் சட்டம் மாறிய செய்தி பல வீடுகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

திருமுழுக்குப் பெறுமுன் இறந்த குழந்தைகளும் இப்படியே. அவர்களையும் மந்திரித்த நிலத்துக்கு வெளியே புதைத்த காலம் உண்டு. இன்றைய சட்டம் (எண் 1183), பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்தால் ஆயரின் அனுமதியோடு திருச்சபை அடக்கச் சடங்கு நடத்த இடம் தருகிறது. 2007இல் பன்னாட்டு இறையியல் குழு வெளியிட்ட ஆவணம், அக்குழந்தைகளின் மீட்பை நாம் எதிர்நோக்க உறுதியான காரணங்கள் உண்டு என்று விளக்கியது. உங்கள் பாட்டி பெற்றுப் பறிகொடுத்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று எப்போதாவது கேட்டதுண்டா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் சாதியின் பெயரால் சுவரும் தனி இடமும் இருந்தன, இருக்கின்றன. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. உங்கள் முன்னோர் சுவருக்கு அந்தப் பக்கம் வைக்கப்பட்டிருந்தால், அந்த அநீதியும் அவருடைய வரலாற்றின் பகுதியே. உங்கள் முன்னோரே சுவர் எழுப்பியவர் என்றால், அதையும் தெரிந்துகொண்டு செபியுங்கள்.

புனிதராக்கிவிட்டால் செபம் எதற்கு?

"செத்தவர்களின் குறையை ஏன் கிளற வேண்டும் சாமி?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஊரறிய இழிவுபடுத்துவது பாவம். ஆனால் உண்மையை அறிந்து செபிப்பது வேறு.

யூதா மக்கபே போரில் இறந்த தம் வீரர்களை அடக்கம் செய்யப் போனார். அவர்களுடைய ஆடைக்குள் பிற தெய்வங்களின் தாயத்துகள் இருந்தன. சட்டம் தடுத்த செயல் அது. யூதா அதை மூடி மறைக்கவில்லை. மாவீரர்கள் என்று புகழ்ந்து முடித்துவிடவும் இல்லை. ஏறத்தாழ 2000 வெள்ளி நாணயம் திரட்டி, பாவம் போக்கும் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்பினார் (2 மக்கபேயர் 12:38-45). இறந்தோருக்காகச் செபிக்கும் நம் வழக்கத்துக்கு ஆதாரமாகத் திருச்சபை காட்டும் பகுதி இது. அங்கே குறை தெரிந்ததால்தான் செபம் பிறந்தது.

புனித அகுஸ்தினார் தம் தாய் மோனிக்கா 387ஆம் ஆண்டு ஒஸ்தியா துறைமுகத்தில் இறந்ததைப் பற்றித் தமது 'ஒப்புகைகள்' நூலில் எழுதுகிறார். வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே என்னும் சிறிய ஊரைச் சேர்ந்த குடும்பம் அது. உடலை எங்கே வேண்டுமானாலும் அடக்கம் செய்யுங்கள், பீடத்தில் என்னை நினைவுகூர்ந்தால் போதும் என்று அந்தத் தாய் கேட்டுக்கொண்டார். அகுஸ்தினார் தாயைப் போற்றுகிறார். ஆனால் சிறுமியாக இருந்தபோது அவர் திராட்சை மதுவுக்குப் பழகிப்போனதையும் எழுதுகிறார். தந்தை பத்ரீசியுசின் முன்கோபத்தையும், மனைவிக்கு அவர் உண்மையாக இல்லாததையும் எழுதுகிறார். பிறகு, இதை வாசிப்பவர்கள் என் தாய் தந்தை இருவரையும் பீடத்தில் நினைவுகூருங்கள் என்று வேண்டுகிறார். மோனிக்காவின் கல்லறைக் கல்வெட்டு காலப்போக்கில் காணாமல்போனது. அதன் ஒரு துண்டு 1945இல்தான் ஒஸ்தியாவில் தற்செயலாக மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் கல் கண்ணில் படவில்லை. பீடத்தின் நினைவு நிற்கவே இல்லை.

நாமோ, இறந்த மறுநாளே சுவரொட்டியில் எல்லாரையும் புனிதராக்கிவிடுகிறோம். குறையே இல்லாதவர் என்றால் அவருக்கு நம் செபம் எதற்கு? அவர் நேரே விண்ணகத்துக்குப் போய்விட்டார் என்று நாமே முடிவு செய்துவிட்டால், அவர் உத்தரிக்கிற இடத்தில் நம் உதவிக்குக் காத்திருந்தால் யார் கேட்பார்? குடித்த தாத்தாவுக்கும், கோபக்காரப் பாட்டிக்கும், தம்பியின் நிலத்தை எழுதி வாங்கிய பெரியப்பாவுக்கும்தான் நம் செபம் தேவை. அவர்களை உள்ளபடி நினைப்பது அவர்களுக்கு நாம் செய்யும் கடமை. முடிந்தால், அந்தத் தம்பியின் பிள்ளைகளோடு ஒப்புரவாவதும் அந்தப் பெரியப்பாவுக்காகச் செய்யும் செபமே.

என்ன செய்யலாம்?

முதலில், வீட்டில் மூத்தவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். "உங்க அப்பாவைப் பற்றிச் சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லவரு" என்று முடித்துவிடுவார். "அவர் என்ன வேலை பார்த்தார்? எதற்குக் கோபப்படுவார்? கடைசி நாளில் யார் பக்கத்தில் இருந்தார்கள்?" என்று கேளுங்கள். செய்திகள் வரும். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளலாம்.

அடுத்து, ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர், பட்டப்பெயர், ஊர், தொழில், இறந்த நாள், இறந்த விதம், அடக்கம் செய்த இடம். தெரியாததை வெற்றிடமாக விடுங்கள், கற்பனையால் நிரப்ப வேண்டாம். பிறகு பங்கு ஏட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, பூசைக் கருத்துக் கொடுக்கும்போது "குடும்பத்தில் இறந்தவர்கள்" என்று மொத்தமாக எழுதாமல் பெயர் சொல்லிக் கொடுங்கள். விட்டுப்போன பெயரையும் சேருங்கள். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று இறந்தோருக்காகச் செபிப்பவர்கள், வழக்கமான நிபந்தனைகளை நிறைவேற்றி, இறந்தோருக்கென ஒப்புக்கொடுக்கக்கூடிய பரிபூரண பலன் பெறலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நான்காவது, முன்னோரில் கிறிஸ்துவை அறியாமலே இறந்தவர்களும் இருப்பார்கள். முதலில் திருமுழுக்குப் பெற்ற தாத்தாவுக்கும் ஒரு தாய் தந்தை இருந்தார்களே! நேரிய மனத்தோடு கடவுளைத் தேடியவர்கள் மீட்படைய முடியும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பிக்கிறது (திருச்சபை, எண் 16). அவர்களையும் விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். திருத்தந்தை பிரான்சிசு, தம் பாட்டி ரோசா எழுதிக்கொடுத்த கடிதத்தைத் தம் செபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். 2021இல் தாத்தா பாட்டிகளுக்கென ஒரு உலக நாளையும் ஏற்படுத்தினார். நம் பாட்டிகளில் பலருக்கு எழுதத் தெரியாது. அவர்களுக்காக நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.

நாமும் ஒரு நாள் அந்த ஏட்டில் ஒரு வரியாகப் போகிறோம். நம்மை உள்ளபடி அறிந்து, குறைகளோடு சேர்த்து நேசித்து, பெயர் சொல்லிச் செபிக்க ஒருவராவது இருக்க வேண்டும் என்றுதானே ஆசைப்படுகிறோம்? அதையே நமக்கு முன் போனவர்களுக்கு நாம் செய்வோம். நிலையான இளைப்பாற்றியை இறைவன் அவர்களுக்குத் தருவாராக.

சிந்தனைக்கு:

1. என் தாத்தாவின் தந்தை, பாட்டியின் தாய் ஆகியோரின் பெயர் எனக்குத் தெரியுமா?
2. எங்கள் வீட்டில் சொல்லப்படாத பெயர் எது? ஏன்?
3. இந்த ஆண்டு யாருடைய பெயரைப் புதிதாகப் பீடத்துக்குக் கொண்டுவரப் போகிறேன்?